நாகப்பட்டினம்: செப்பேட்டில் இருக்கும் நெல்லும் இல்லாத உழவரும்

நாகப்பட்டினத்தைப் பற்றி எழுதப்படும் வரலாறுகள் பெரும்பாலும் கப்பலில் தொடங்கிக் கப்பலிலேயே முடிகின்றன. சோழர் கடற்படை, போர்த்துகீசியர் வருகை, டச்சுக்காரர் கோட்டை, ஆங்கிலேயர் முற்றுகை என்று அடுக்கிவிட்டு, காயாரோகணர் கோயிலையும் நாகூர் தர்காவையும் வேளாங்கண்ணி மாதா கோயிலையும் ஒரே வரியில் வைத்து, சமய நல்லிணக்கத்தின் நகரம் என்று நிறைவு செய்வது வழக்கம். இவற்றுள் எதுவும் பொய்யில்லை. ஆயினும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 1,02,905 பேர் வாழ்ந்த இந்தச் சிறு நகரம், தலித் மக்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினராக இருந்த ஒரு மாவட்டத்தின் தலைநகரம். மாநிலச் சராசரியோ ஐந்தில் ஒரு பங்குதான். கப்பல்களின் வரலாற்றில் இம்மக்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால், ஆவணங்களுக்குள்ளேயே விடை கிடைக்கிறது. பெரும்பாலும் அவை சொல்லாமல் விட்ட இடங்களில்.

முதல் ஆவணம் ஆனைமங்கலச் செப்பேடு. ஸ்ரீவிஜயப் பேரரசின் மன்னர் சூளாமணிவர்மர் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரையைக் கட்டத் தொடங்கினார். அவர் மகன் மாறவிஜயோத்துங்கவர்மர் அதை முடித்தார். அந்தச் சூளாமணி விகாரைக்கு முதலாம் இராசராசன் தனது 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக வழங்கினான். 21 ஏடுகள் கொண்ட அச்செப்பேடு பின்னாளில் ஆலந்து நாட்டின் லெய்டன் நகருக்குச் சென்றதால் லெய்டன் செப்பேடு என்று அழைக்கப்படுகிறது. ஊரின் எல்லைகளும், ஆண்டுதோறும் விகாரைக்குச் சேர வேண்டிய 8,943 கலத்துக்கும் மேற்பட்ட நெல்லும் அதில் நுணுக்கமாக எழுதப்பட்டிருக்கின்றன. குறுணி, நாழி வரை கணக்கிட்ட அரசு அது. ஆனால் அந்த நெல்லை விளைவித்தவர்கள் யார் என்பதைச் செப்பேட்டைப் படித்து நாம் அறிய முடியாது.

அறிவதற்கு வேறு கல்லைத் தேட வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வரி தர வேண்டிய ஊர்களைப் பட்டியலிடும் அதே இராசராசனின் கல்வெட்டுகள், ஒவ்வோர் ஊரிலும் வரி விதிக்கப்படாத நிலங்களைக் கழித்துக் காட்டுகின்றன. ஊர் நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற பெயர்களும் அங்கே வருகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காவிரிப் படுகையில் குடியிருப்புகள் பிரிக்கப்பட்டிருந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சேரி மக்கள் வரிக் கணக்கில் கழிக்க வேண்டிய ஓர் இடமாக மட்டுமே பதிவாகியிருக்கிறார்கள். சோழர் காலத்தைப் பொற்காலம் என்று மேடையில் முழங்குவோர் இந்த வரிகளைப் படித்துவிட்டு முழங்கினால் நமக்கு மறுப்பில்லை.

விகாரையின் கோபுரம் ஒன்று 19ஆம் நூற்றாண்டு வரை நின்றது. மாலுமிகள் அதைச் சீனக் கோபுரம் என்று அழைத்தனர். 1867இல் அது இடிக்கப்பட்டது. அந்தச் சுற்றுப்புறத்தில் 1856 முதல் தோண்டியெடுக்கப்பட்ட புத்தர் படிமங்கள் சுமார் 350. அவற்றுள் ஒரு பகுதி சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மயிலை சீனி வேங்கடசாமி 1940இல் வெளியிட்ட ‘பௌத்தமும் தமிழும்’ நூலில் நாகைக்கு உரிய இடம் உண்டு. தமிழ் மண்ணில் பௌத்தம் வேரூன்றியிருந்தது என்று 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் சொன்னபோது சிரித்தவர்கள் இருந்தார்கள். அவர் வரலாற்றை வாசித்த முறையில் நாம் எல்லா இடத்திலும் உடன்பட வேண்டியதில்லை. ஆனால் அவர் தேடிய பௌத்தம் கற்பனையன்று என்பதற்கு நாகப்பட்டினத்து மண்ணுக்குள் இருந்தே வெண்கலச் சான்று வந்தது.

அடுத்து வருவது பலரும் பேசாத ஒரு காலம். 1658இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி போர்த்துகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றியது; 1690இல் பழவேற்காட்டிலிருந்து தன் சோழமண்டலத் தலைமையகத்தையும் இங்கே மாற்றியது. துணி ஏற்றுமதிக்காகவே டச்சுக்காரர் வந்தனர் என்று படித்திருக்கிறோம். துணியோடு மனிதர்களையும் ஏற்றினார்கள். பீஜப்பூர்ப் படைகள் தஞ்சைச் சீமையைச் சூறையாடியதைத் தொடர்ந்து வந்த பஞ்சத்தில், 1659 முதல் 1661 வரையிலான காலத்தில் மட்டும், நாகப்பட்டினம் உள்ளிட்ட தென்கடற்கரைத் துறைகளிலிருந்து கம்பெனி ஏற்றிச் சென்ற அடிமைகள் 8,000 முதல் 10,000 பேர் இருக்கலாம் என்பது வரலாற்றாய்வாளர் மதிப்பீடு. இலங்கையும் பத்தேவியாவும் அவர்கள் இறக்கப்பட்ட இடங்கள்.

இவர்கள் அனைவரும் தலித்துகள் என்று சொல்லிவிட நாம் விரும்பவில்லை. பஞ்சம் சாதி பார்த்து வருவதில்லை. திருப்பாம்புரத்துக் கல்வெட்டு ஒன்று, பஞ்ச காலத்தில் ஒரு வேளாளர் தம் இரு மகள்களோடு கோயிலுக்குத் தம்மை விற்றுக்கொண்டதைக் கூறுகிறது. ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. வேளாளர் அடிமையாவதற்குப் பஞ்சம் வேண்டியிருந்தது. பறையரும் பள்ளரும் அடிமையாவதற்குப் பிறப்பே போதுமானதாக இருந்தது. நிலம் கைமாறும்போது அதில் உழைக்கும் ஆட்களும் சேர்ந்து கைமாறினார்கள்.

இந்த முறையை 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் ஒழித்தது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. சட்டத்தைப் படித்தால் அது செய்தது அவ்வளவு இல்லை என்பது தெரியும். ஒருவர் மற்றொருவருக்கு அடிமை என்ற உரிமையை நீதிமன்றங்கள் இனி ஏற்காது என்று மட்டுமே அது கூறியது. யாரையும் அது விடுவிக்கவில்லை. ஒருவருக்கும் ஒரு குழி நிலம் தரவில்லை. அடிமையை வாங்குவதும் விற்பதும் குற்றமானது அதற்குப் பின்வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தால்தான். அதற்குள் தஞ்சை மிராசுதார்கள் மாற்று வழியைக் கண்டுபிடித்துவிட்டனர். கல்யாணக் கடன், கருமாதிக் கடன், பஞ்சத்தில் வாங்கிய நெற்கடன் என்று ஏதோவொரு கடன், அது தீராதவரை பண்ணையாள். அது தீர்வதும் இல்லை. குடியிருக்கும் மனையும் மிராசுதாருடையது என்பதால், வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும்.

அந்த அமைப்பிலிருந்து வெளியேற ஒரு வாசல் திறந்தது. அந்த வாசலும் நாகப்பட்டினம் துறைமுகம்தான். 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு இரயில் ஓடியது; அடுத்த ஆண்டு திருச்சி வரை நீண்டது. உள்நாட்டு ஊர்களின் சேரிகளிலிருந்து கூலி ஆட்களைத் துறைமுகத்திற்குக் கொண்டுவர இதைவிட எளிய வழி வேறில்லை. பினாங்கிற்கும் மலேயாவின் கரும்பு, காப்பி, ரப்பர்த் தோட்டங்களுக்கும் தமிழர்கள் இங்கிருந்து கப்பல் ஏறினார்கள். முதலில் ஒப்பந்தக் கூலிகளாக. 1910இல் அம்முறை முடிவுக்கு வந்தபின் கங்காணிகளின் வழியாக. போனவர்களில் தலித்துகள் பெரும் பகுதியினர். நாகப்பட்டினத்தில் அவர்களைத் தங்கவைத்து, மருத்துவச் சோதனை செய்து, கப்பலுக்கு அனுப்ப ஒரு முகாம் இருந்தது. 1938இல் இந்திய அரசு மலேயாவுக்குக் கூலிகளை அனுப்புவதைத் தடை செய்தது. அதன் பிறகும் சொந்தச் செலவில் போவோருக்காகக் கப்பல்கள் ஓடின. ‘ரஜுலா’ கப்பலை இன்றும் நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் நாகூரிலும் நாகையிலும் உண்டு.

தோட்டங்களில் நடந்த கொடுமைகளை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. காய்ச்சலிலும் அடியிலும் இறந்தவர்கள் ஏராளம். ஆயினும் அக்காலத்தில் தஞ்சை மிராசுதார்களே ஆட்கள் ஓடிப்போவதைக் குறித்துப் புகார் செய்தார்கள் என்பதை ஏன் யாரும் பொருட்படுத்துவதில்லை? ஒரு பண்ணையாள் கப்பல் ஏறுவது மிராசுதாருக்கு இழப்பு. திரும்பி வருவது அதைவிடப் பெரிய தொல்லை. காசு பார்த்தவர், சட்டை போட்டவர், வெள்ளைக்காரத் துரையிடம் கூலியைக் கையில் எண்ணி வாங்கியவர், ஊருக்கு வந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பாரா?

இரயிலைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துக்கொள்வோம். தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை ஒரு காலத்தில் இந்நகரில்தான் இருந்தது. அது பொன்மலைக்கு மாற்றப்பட்டபோது நகரம் தன் தொழிலாளர் குடும்பங்களையும் சேர்த்து இழந்தது. ஆட்குறைப்பை எதிர்த்து 1928இல் நடந்த தென்னிந்திய இரயில்வே வேலைநிறுத்தமும் அதில் சிங்காரவேலர் சிறை சென்றதும் தனியாக எழுத வேண்டியவை.

1940களில் பி. சீனிவாசராவ் கீழத்தஞ்சைக்கு வந்து விவசாயத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டினார். சவுக்கடியையும் சாணிப்பாலையும் ஒழித்ததாக இன்றும் அவரை நினைவுகூர்கிறார்கள். அந்த இரண்டு சொற்களையும் இளைய வாசகர்களுக்காக விளக்க வேண்டியிருக்கிறது. வேலைக்குத் தாமதமாக வந்தாலும் எதிர்த்துப் பேசினாலும் பண்ணையாளைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடிப்பார்கள். அதன்பின் சாணத்தைக் கரைத்து வாயில் ஊற்றுவார்கள். இது ஏதோ சில கொடிய மனிதர்களின் செயலன்று. பண்ணை நிர்வாகத்தின் வழக்கமான தண்டனை முறை. 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட உடன்பாட்டில் இத்தண்டனைகளை நிறுத்த மிராசுதார்கள் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கு மிராசுதார்கள் கண்ட மறுமொழி எளியது: நிரந்தரப் பண்ணையாளை வைத்தால்தானே சட்டம், தினக்கூலியாக்கிவிட்டால்?

1968 டிசம்பர் 25. தேவூரை அடுத்த கீழவெண்மணி. அறுவடைக் கூலியில் சிறிது நெல்லைக் கூட்டிக் கேட்டதற்காகவும், சங்கத்தின் செங்கொடியை இறக்க மறுத்ததற்காகவும், தலித் குடியிருப்பு தாக்கப்பட்டது. உயிருக்கு அஞ்சி ஒரு சிறு குடிசைக்குள் ஒளிந்தவர்கள் அதற்குள்ளேயே எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். வழக்கு ஆவணங்கள் 42 பேர் என்றன. மக்கள் 44 பேர் என்கிறார்கள். நினைவுச் சின்னத்தில் இருப்பதும் அந்த எண்தான். இறந்தவர்களின் எண்ணிக்கையிலேயே ஆவணமும் ஊரும் வேறுபடுகின்றன.

வழக்கு நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றத்தில் நடந்தது. நகரத்தின் வரலாற்றை எழுதுவோர் கோட்டையையும் கோபுரத்தையும் எழுதிவிட்டு இந்த நீதிமன்றக் கட்டடத்தை விட்டுவிடுகிறார்கள். 1970இல் நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட எட்டுப் பேருக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. கொலைக்கான தண்டனை அன்று அது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களையும் விடுவித்தது. பெருநிலக்கிழார்களான இவர்கள், அவர்களுள் ஒருவர் கார் வைத்திருப்பவர், ஆட்களை ஏவாமல் தாமே நடந்து சென்று தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் அத்தீர்ப்பு பேசியது. மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 1990இல் தள்ளுபடி செய்தது. இதற்கிடையே 1980இல் நாயுடு கொல்லப்பட்டார். அதே 1968 டிசம்பர் நாளில் மிராசுதார் தரப்பு ஆள் ஒருவர் இறந்தது தொடர்பான மற்றொரு வழக்கில் தொழிலாளர்களுக்குத் தண்டனை கிடைத்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அந்தத் தீர்ப்பைச் சட்டக் கல்லூரியில் யாரும் நமக்குப் பாடமாக நடத்தவில்லை. நடத்தியிருக்க வேண்டும், அதன் தர்க்கம் சாட்சிய மதிப்பீட்டுக்கு ஒரு பாடம். எரிந்த குடிசையிலிருந்து தப்பியவர்கள், தமக்கு நாள்தோறும் வேலை தந்தவர்களைத் தாமே அடையாளம் காட்டினார்கள். அந்தச் சாட்சியத்தின் எதிரே தராசில் வைக்கப்பட்டது குற்றம் சாட்டப்பட்டவர்களின் சமூக மதிப்பு. சொத்து நற்சான்றாக மாறியது. அன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இல்லாததே காரணம் என்று சிலர் ஆறுதல் கொள்வதுண்டு. 1989இல் சட்டம் வந்தபின் நடந்தவற்றைப் பாருங்கள். பீகாரின் பதானி தோலா வழக்கில் 2012இலும் இலட்சுமண்பூர் பாத்தே வழக்கில் 2013இலும் பாட்னா உயர் நீதிமன்றமும், சுண்டூர் வழக்கில் 2014இல் ஆந்திர உயர் நீதிமன்றமும், கீழமை நீதிமன்றங்களில் தண்டனை பெற்றவர்களை விடுவித்தன. அவற்றின் காரணங்கள் வேறு வேறு. தலித் சாட்சியை எளிதில் நம்பாமை அவற்றுக்குப் பொதுவானது என்பது நம் கருத்து.

வெண்மணிக்குப் பின் சட்டங்கள் வந்தன என்பதும் உண்மை. 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டமும், 1971இல் குடியிருப்பு மனைக்கு உரிமை வழங்கும் சட்டமும் இயற்றப்பட்டன. இரண்டாவதுதான் பெரிய மாற்றம் என்று நாம் கருதுகிறோம். வேலையை விட்டால் வீடும் போகும் என்ற பழைய கயிற்றை அறுத்தது அதுவே. விளைநிலம் வேறு கதை. கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981இல் தொடங்கிய ‘லாப்டி’ அமைப்பு தலித் பெண்களின் பெயரில் நிலத்தை வாங்கிக் கொடுத்தது என்றால், அரசு செய்ய வேண்டியதை எவ்வளவு செய்யாமல் விட்டது என்று விளங்கும்.

பெற்ற நிலத்தையும் கடல்நீர் தேடி வந்தது. 1990களில் இறால் பண்ணைகள் கடலோர வயல்களை வளைத்தன. உப்புநீர் கசிந்து பக்கத்து வயலும் கிணறும் கெட்டன. நடவும் களையெடுப்பும் அறுவடையும் இல்லாமற்போனதால் முதலில் வேலையிழந்தவர்கள் தலித் பெண்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்திற்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்ற ஆணையிட்டது. விளைநிலத்தையும் உப்பளத்தையும் இறால் பண்ணையாக்கக் கூடாது என்றும் கூறியது. பிறகு நாடாளுமன்றம் 2005இல் கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றி, 1991ஆம் ஆண்டு அறிவிக்கையின் தடை இதற்குப் பொருந்தாது என்று பின்னோக்கியே திருத்தியது. வழக்கில் வெல்வது ஒன்று, வென்றதைக் காப்பது வேறு என்று மாணவர்களுக்குக் கற்பிக்க இதைவிடத் தெளிந்த எடுத்துக்காட்டு நம்மிடம் இல்லை.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,065 பேர் மாண்டனர். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் போன்ற மீனவர் ஊர்களே பேரிழப்பைச் சந்தித்தன. அதை மறந்துவிட்டு நாம் எதையும் பேச முடியாது. ஆனால் நிவாரணம் வந்தபோது அது படகின் வழியாகவும் மீனவர் பஞ்சாயத்துகளின் பட்டியல் வழியாகவுமே வந்தது. படகில்லாதவர், வலையில்லாதவர், கரையில் மீன் சுமந்தவர், உப்பு ஏறிய வயலில் கூலி இழந்தவர் ஆகியோர் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். முகாம்களில் தலித்துகள் தனியே வைக்கப்பட்டதையும், தண்ணீர்த் தொட்டியைத் தொட விடாததையும் அந்நாளில் மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. அழுகிய உடல்களை அகற்றியவர்கள் வேறு நகராட்சிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட தலித் துப்புரவுத் தொழிலாளர்கள்.

ஓராண்டு கழித்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. இழப்பீடும் நிவாரணமும் வழங்குவதில் பால், சாதி, சமூகம், வம்சாவளி, சமயம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது அதன் 61ஆம் பிரிவு. அழகான பிரிவு. ஆனால் அது குற்றங்களும் தண்டனைகளும் கொண்ட அத்தியாயத்துக்கு அடுத்துள்ள பல்வகை அத்தியாயத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. மீறினால் என்ன தண்டனை என்று அப்பிரிவு சொல்வதில்லை. 71ஆம் பிரிவோ, அதிகாரிகளின் நடவடிக்கைகள் குறித்த வழக்குகளை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் தவிர வேறு நீதிமன்றங்கள் ஏற்பதைத் தடுக்கிறது. பட்டியலில் பெயர் விடுபட்ட ஒரு கூலிப் பெண் நாகை நீதிமன்றத்துக்குப் போக முடியாது. சென்னைக்குத்தான் போக வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் கரையைக் கடந்தபோதும் பயிரிழப்பும் மர இழப்பும் எக்டேர் கணக்கிலும் மரக் கணக்கிலும் மதிப்பிடப்பட்டன. பல மாத வேலை இழந்தவருக்கு எக்டேர் எங்கே இருக்கிறது?

இப்போது பனங்குடியில் இருக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை ஆண்டுக்கு 90 இலட்சம் டன் திறனுக்கு விரிவாக்கச் சுற்றியுள்ள ஊர்களின் நிலம் எடுக்கப்பட்டிருக்கிறது. இங்கே நமக்கு ஒரு கருவி உண்டு. 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம், நிலமே இல்லாத விவசாயத் தொழிலாளர் குடும்பத்தையும் குத்தகையாளர் குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று 3ஆம் பிரிவிலேயே ஏற்கிறது. நிலம் எடுப்பதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அப்பகுதியில் வேலை செய்திருக்க வேண்டும். அதுவே முதன்மை வாழ்வாதாரமாக இருந்திருக்க வேண்டும். ஆனைமங்கலச் செப்பேட்டில் இடம்பெறாதவர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் சட்டம் என்று இதைக் கூறலாம்.

மூன்று ஆண்டுகள் வேலை செய்ததை எப்படி மெய்ப்பிப்பது என்பதே சிக்கல். அடங்கலில் பயிரிடுபவர் பெயர் இருக்கும்; நடவு நட்டவர் பெயர் இருக்காது. கூலிக்குச் சீட்டு யாரும் தருவதில்லை. நூறு நாள் வேலை அட்டை தனியார் வயலில் செய்த வேலைக்குச் சான்றாகாது, ஆனால் அவ்வூரில் தொடர்ந்து வாழ்ந்ததற்குச் சான்றாகும். முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டையில் விவசாயத் தொழிலாளர் என்று பதிந்திருந்தால் அது வலுவானது. குத்தகையாளர்கள் 1969ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும், பெரும்பாலும் பதிந்திருக்கமாட்டார்கள். எஞ்சுவது நிலவுடைமையாளரும் கிராம நிர்வாக அலுவலரும் தரும் சான்று. அதற்காக மீண்டும் அவர்கள் வாசலில் நிற்க வேண்டும். ஆகவே கள ஆய்வுக்காகக் கிராமத்துக்குச் செல்லும் மாணவர்களிடம் நாம் கேட்பது இதைத்தான்: சமூகத் தாக்க ஆய்வின் பொதுக் கேட்புக்கு முன்பே தெருத் தெருவாகச் சென்று, எந்த வயலில், எந்தப் போகத்தில், யாரோடு, எவ்வளவு கூலிக்கு என்று ஒவ்வொரு தொழிலாளரின் வாக்குமூலத்தையும் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். உடன் வேலை செய்த இருவரின் கையொப்பமும் இருக்கட்டும். ஒரு படியைக் கேட்பில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை மறவாமல் வாங்குங்கள்.